அந்த ஜாகா தூங்கவில்லை

பினாங்குத் தீவின் அடுக்குமாடிக் குடியிருப்பு நிர்வாகக் குழுக்களுக்கு,

வணக்கம்.

சில மாதங்களுக்கு முன் எங்கள் குடியிருப்பில் ஒரு மோட்டார்சைக்கிள் திருடு போனது. விடியற்காலை 3.40. சி பிளாக்கின் கீழே, குப்பை அறையை ஒட்டிய வரிசையில் நின்ற வண்டி. கேமராப் பதிவைப் போட்டுப் பார்த்தோம். தொப்பி போட்ட ஒருவன் வருகிறான், குனிகிறான், பூட்டை என்னவோ செய்கிறான், வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்பக்கச் சின்ன வாசல் வழியாகப் போய்விடுகிறான். எல்லாம் சேர்த்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அன்று இரவு ஜாகாவாக, அதாவது காவலாளியாக, இருந்தவருக்கு அறுபது வயதுக்கு மேல். நாங்கள் எல்லாரும் அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். காலை பசியாறும் நேரத்துக்குள் வாட்ஸ்அப் குழுவில் தீர்ப்பு வந்துவிட்டது. "ஜாகா தூங்கிட்டாரு." "மாசாமாசம் நாம காசு கட்டுறது இவரு தூங்குறதுக்கா?" அந்த வாரமே ஆளை மாற்றச் சொல்லிக் குழு எழுதியது. அவர் போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான், காவல் சாவடிக்குள்ளேயே ஒரு கேமரா இருக்கிறதே, அதையும் பார்க்கலாமே என்று ஒருவர் சொன்னார். பார்த்தோம். 3.40-க்கு அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். கண் திறந்திருக்கிறது. முகம் திரைப் பக்கம்தான் இருக்கிறது. கையில் கைப்பேசி இல்லை. அவருக்கு நேரே, கேமராவுக்கு ஒன்றாகத் திரையில் இருக்கும் 16 கட்டங்களில் ஒரு கட்டத்தில், வண்டி இடமிருந்து வலமாகப் போகிறது. அவர் அசையவே இல்லை.

அதைப் பார்த்த பிறகும் ஒருவர் எழுதினார்: "அப்போ கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டு என்னதான் பண்ணிக்கிட்டு இருந்தாரு?"

கேள்வி நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்த மடலை எழுதுகிறேன். எங்கள் குழுவுக்கு மட்டும் எழுதாமல் எல்லாருக்கும் எழுதக் காரணம், இதே 16 கட்டத் திரையும் இதே 12 மணி நேர ஷிஃப்டும் இந்தத் தீவில் எங்கே போனாலும் கண்ணில் படுகின்றன.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். 1972-இல் தொடங்கிய பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் 22 வருடம் வேலை செய்தவள். பள்ளி முடித்ததும் நேரே பாக்டரி பஸ்ஸில் ஏறினேன். என்னோடு படித்த பெண்களில் பலர் அதே பஸ்ஸில்தான் ஏறினார்கள். முதல் 9 வருடம் மைக்ராஸ்கோப் முன்னால். டிரே டிரேயாக சிப்புகள் வரும். ஓரம் உடைந்திருக்கிறதா, மேலே கீறல் இருக்கிறதா, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பி சாய்ந்தோ அறுந்தோ கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். நல்லது இந்தப் பக்கம், கெட்டது அந்தப் பக்கம். பிறகு, புதிதாக வரும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலைக்கு மாற்றினார்கள். இந்த விஷயத்தை நான் முறையாகப் படித்தது அப்போதுதான்.

ஆனால் படிப்பதற்கு முன்பே, மைக்ராஸ்கோப்பில் உட்கார்ந்த முதல் வாரமே ஒன்று புரிந்துபோனது. கண் களைப்பது வேறு, கவனம் நழுவுவது வேறு. கண் களைத்தால் தெரிந்துவிடும். எரியும், நீர் வடியும், கசக்கத் தோன்றும். கவனம் நழுவினால் நமக்கே தெரியாது. நல்லது, நல்லது, நல்லது என்று கை தள்ளிக்கொண்டே போகும். ஒவ்வொரு சிப்பின் மேலும் கண் விழத்தான் செய்யும். எல்லாவற்றையும் பார்த்தாயா என்று கேட்டால், பார்த்தேன் என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வோம். அண்ணனும் அன்று காலை அதையேதான் சொன்னார்: "நான் பாத்துக்கிட்டுத்தாம்மா இருந்தேன்." அங்கே நின்ற யாரும் நம்பவில்லை.

எங்கள் லைனில் இதைப் பிடிக்க ஒரு வழி வைத்திருந்தார்கள். கெட்டது என்று முன்பே தெரிந்த சில சிப்புகளை, பரிசோதிக்கிறவளுக்குச் சொல்லாமல், டிரேயில் கலந்து அனுப்புவார்கள். எத்தனை கலந்தோம், எத்தனையை எடுத்தாள், எந்த நேரத்தில் விட்டாள் என்று ஒரு தாளில் குறிப்பார்கள். எங்களுக்கு ஆரம்பத்தில் ஆத்திரமாக வந்தது. வேவு பார்க்கிறார்கள் என்று கேன்டீனில் பேசிக்கொண்டோம். ஆனால் அந்தத் தாள்களைச் சேர்த்துவைத்துப் பார்த்தபோது வேறு கதை தெரிந்தது. சோம்பேறி என்று பெயர் வாங்கியவளும் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியவளும், உட்கார்ந்து கொஞ்ச நேரம் போனதும், ஒரே மாதிரி விட ஆரம்பித்தார்கள். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, பக்கத்து மேசையில் வேறு வேலை கொஞ்சம் பார்த்துவிட்டு வந்தவள் மறுபடி நன்றாகப் பிடித்தாள். அதற்கப்புறம்தான் ஒரே ஆளை மணிக்கணக்கில் மைக்ராஸ்கோப் முன்னால் உட்காரவைப்பதை நிறுத்தினார்கள். அந்தத் தாள் மட்டும் இல்லையென்றால் எங்களில் நாலு பேரை வேலையை விட்டு அனுப்பிவிட்டு, பிரச்சினை தீர்ந்தது என்று இருந்திருப்பார்கள்.

இந்தச் சரிவை முதன்முதலில் ஒழுங்காக அளந்து காட்டியவர் நார்மன் மேக்வொர்த் என்ற உளவியல் ஆய்வாளர். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படையினர் கடலுக்கு மேலே பறந்து, ராடார் திரையைப் பார்த்து, நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பயிற்சி பெற்றவர்கள். ஒரு புள்ளியை விட்டால் தங்கள் கப்பல் ஒன்று மூழ்கும் என்று தெரிந்தவர்கள். அப்படியும் திரையில் தெரிந்த புள்ளிகளை விட்டார்கள். ஒரு ஆளை எவ்வளவு நேரம்தான் ராடார் முன்னால் உட்காரவைப்பது என்ற கேள்வி எழுந்தது. மேக்வொர்த் கேம்பிரிட்ஜில் ஒரு கடிகாரம் செய்தார். வெறும் வெள்ளை முகம், எண்கள் கிடையாது. ஒரே ஒரு கறுப்பு முள். நொடிக்கு ஒரு துள்ளல், 100 துள்ளலில் ஒரு சுற்று. எப்போதாவது ஒருமுறை அந்த முள் இரட்டைத் துள்ளல் துள்ளும். அதைக் கண்டால் பொத்தானை அழுத்த வேண்டும். அரை மணிக்கு 12 தடவைதான் அப்படித் துள்ளும், எப்போது என்று தெரியாது. தனியறையில் 2 மணி நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

முடிவு 1948-இல் வெளிவந்தது. முதல் அரை மணியில் 100-க்குச் சுமார் 15-ஐ விட்டார்கள். இரண்டாவது அரை மணியில் நாலில் ஒன்றுக்கு மேல் விட்டார்கள். அதற்குப் பிறகு பெரிதாக மோசமாகவில்லை, அந்த மட்டத்திலேயே கிடந்தது.

இந்த இடத்தில் குழுவினர் கொஞ்சம் நிற்க வேண்டும். விடியற்காலை மூன்று மணிக்கு மேல்தான் ஜாகாவுக்கு அசதி தட்டும், அதுவரை கவலையில்லை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ராத்திரித் தூக்கம் தனிக் கதை, அது இதன்மேல் ஏறிக்கொள்ளும். ஆனால் கவனம் நழுவ மூன்று மணி ஆக வேண்டியதில்லை. இரவு 7 மணிக்கு வந்து உட்கார்ந்தவருக்கு 8 மணிக்குள்ளேயே சரிவு தொடங்கிவிடலாம், அவர் பகல் முழுக்க நன்றாகத் தூங்கிவிட்டு வந்திருந்தாலும்.

அதே மேக்வொர்த் மாற்றும் கண்டுபிடித்தார். அரை மணி பார்ப்பது, அரை மணி ஓய்வு என்று மாறி மாறிச் செய்தவர்களிடம் அந்தச் சரிவு தெரியவில்லை. இதைப் பிடித்தாய், இதை விட்டாய் என்று அப்போதைக்கப்போது சொல்லப்பட்டவர்களிடமும் கவனம் நின்றது. இரண்டுக்கும் பெரிய செலவு கிடையாது.

சும்மா உட்கார்ந்து பார்ப்பதில் என்ன கஷ்டம் என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் கூட்டத்திலேயே கேட்டார்கள். ஜோயல் வார்ம், ராஜா பரசுராமன், ஜெரால்ட் மேத்யூஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2008-இல் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். கண்காணிப்பு என்பது கடுமையான மன உழைப்பு, அதைச் செய்கிறவரை நெருக்கடிக்கு உள்ளாக்குகிற வேலை என்பது அவர்கள் முடிவு. தலையின் பக்கவாட்டில் ஒலி அலைக் கருவியை வைத்து, மூளைக்குப் போகும் இரத்தத்தின் வேகத்தை அளந்திருக்கிறார்கள். கண்காணிப்பவர் கண்டுபிடிப்பது குறையக் குறைய, அந்த வேகமும் கூடவே குறைந்தது. அதே திரையை, எதையும் தேடும் பொறுப்பில்லாமல் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அப்படிக் குறையவில்லை. ஆக, அண்ணனைக் களைக்க வைத்தது திரை இல்லை. தேடியதுதான் அவரைக் களைக்க வைத்தது.

இன்னொரு விஷயம், இதுதான் எனக்கு மனதை அதிகம் உறுத்துவது. ஒருவர் ஒன்றை விட்டுவிட்டார் என்றால் அதற்கு இரண்டு வழி இருக்கிறது. கண்ணில் பட்டும் மனதில் பதியாமல் போயிருக்கலாம். அல்லது, லேசாகப் பதிந்தும், 'ஒன்றும் இருக்காது' என்று விட்டிருக்கலாம். முதலாவது உணரும் திறன் குறைவது. இரண்டாவது, சந்தேகம் எந்த அளவுக்கு வந்தால் கையைத் தூக்குவது என்ற கோடு மேலே ஏறிவிடுவது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல் தெரியும். பிரித்தறிய வேண்டுமென்றால், எத்தனை விட்டார் என்பதோடு, ஒன்றுமில்லாததற்கு எத்தனை முறை கையைத் தூக்கினார் என்பதையும் எண்ண வேண்டும்.

அந்தக் கோடு எப்படி மேலே ஏறுகிறது என்று எனக்குத் தெரியும். புதிதாகச் சேர்ந்தபோது சந்தேகம் வந்த சிப்பையெல்லாம் கெட்டது பக்கம் போட்டேன். சூப்பர்வைசர் வந்து, நல்ல சரக்கை வீணாக்குகிறாய் என்று எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார். அடுத்த நாளிலிருந்து சந்தேகம் வந்ததெல்லாம் நல்லது பக்கம் போயிற்று. யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை, நானும் முடிவெடுத்துச் செய்யவில்லை. கை தானாகக் கற்றுக்கொண்டது.

அண்ணனுக்கும் அதுவே நடந்தது. திருட்டுக்கு முன்பு ஒருமுறை, நள்ளிரவில் வண்டியருகே ஒருவன் குனிவதைப் பார்த்து ஓடிப்போய் டார்ச் அடித்தார். அது குடியிருப்பாளர் ஒருவரின் தங்கை மகன், தன் வண்டியைத்தான் திறந்துகொண்டிருந்தான். பெரிய ரகளை ஆகிவிட்டது. 'குடியிருப்பாளர்களை மரியாதைக் குறைவாக நடத்தக் கூடாது' என்று குழு அவருக்குக் கடிதம் கொடுத்தது. அதற்குப் பிறகு அவர் எதற்கும் ஓடிப்போய் நான் பார்க்கவில்லை.

இதோடு, தேடுகிற பொருள் அபூர்வமாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஜெரமி வுல்ஃப் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 2005-இல் காட்டியது இது: பாதிப் படங்களில் தேடும் பொருள் இருந்தபோது மக்கள் 100-க்கு 7-ஐத்தான் விட்டார்கள். நூறு படத்தில் ஒன்றில் மட்டும் இருந்தபோது 30-ஐ விட்டார்கள். அதே கண், அதே பொருள். எங்கள் குடியிருப்பில் திருட்டு வருடத்துக்கு ஒன்று நடந்தால் அதிகம். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

விமான நிலையங்களில் பையை எக்ஸ்ரேயில் பார்க்கிறவர்களுக்கு இதை நினைத்துத்தான் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். பல நாடுகளில், இல்லாத கத்தியின் படத்தை உண்மையான பையின் படத்துக்குள் கணினியே நுழைத்துவிடும். பிடித்தால் உடனே சொல்லும், விட்டாலும் சொல்லும். எங்கள் டிரேயில் கெட்ட சிப்பைக் கலந்த அதே வேலைதான். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, கைப்பைகளை எக்ஸ்ரேயில் பார்ப்பவர் சாதாரணமாக 20 நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து படம் பார்க்கக் கூடாது. அதன்பின் குறைந்தது 10 நிமிடம் படமே பார்க்கக் கூடாது. நம் ஜாகாவிடம் 12 மணி நேரம் கேட்கிறோம்.

சரி, படித்ததைச் சொல்லிவிட்டேன். செய்து பார்த்ததையும் சொல்கிறேன்.

தலைவரிடம் அனுமதி வாங்கி, ஒரு சனிக்கிழமை இரவு 1.30-லிருந்து 3 மணி வரை அந்தச் சாவடியில் நான் உட்கார்ந்தேன். புதிதாக வந்த காவலர் தம்பி நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு ரோந்து போனார். என் மகன் ஒரு மஞ்சள் வாளியைத் தூக்கிக்கொண்டு, ஏதாவது ஒரு கேமராவின் முன்னால் நடந்து போக வேண்டும். அரை மணிக்கு 4 தடவை. எந்த இடம், எந்த நிமிடம் என்பது அவனுக்குத்தான் தெரியும். நான் பார்த்ததும் நேரத்தைக் குறிக்க வேண்டும்.

அந்த நாற்காலியில் நீங்கள் யாரும் உட்கார்ந்ததில்லை என்று நினைக்கிறேன். சின்னக் காற்றாடி முதுகுப் பக்கம் ஓடுகிறது. கண்ணாடிச் சுவருக்கு வெளியே விளக்கு, அதன் வெளிச்சம் திரையின் மேல் மூலையில் விழுந்து இரண்டு கட்டங்களை மறைக்கிறது. 7-ஆம் கட்டத்தில், கேமரா முகத்தில் சிலந்தி வலை. இருட்டில் கேமராவின் அகச்சிவப்பு ஒளி பட்டு, அந்த வலை வெள்ளைக் கயிறுபோல் மின்னி ஆடிக்கொண்டே இருக்கிறது. கண் ஒவ்வொரு முறையும் அங்கேதான் ஓடுகிறது. 11-ஆம் கட்டத்தில் வண்டிகள், ஒவ்வொன்றும் அரிசி அளவு. எந்தக் கட்டத்திலும் எதுவும் நடப்பதில்லை. கொஞ்ச நேரத்தில் 16 கட்டமும் சேர்ந்து சுவரில் ஒட்டிய ஒரே படம்போல் ஆகிவிடுகிறது.

முதல் அரை மணியில் 4 தடவையும் பிடித்தேன். இரண்டாவதில் 3. கடைசி அரை மணியில் 2. பிறகு மகனோடு உட்கார்ந்து பதிவைப் போட்டுப் பார்த்தேன். கடைசியாக விட்டது 11-ஆம் கட்டத்தில். வாளியோடு அவன் நிதானமாகத்தான் நடக்கிறான், 20 நொடிக்கு மேல் தெரிகிறான். சாவடிக் கேமராவில் என் முகம் திரையைப் பார்த்தபடி இருக்கிறது. அப்போது வேறு எதையாவது நினைத்துக்கொண்டிருந்தேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். பார்த்துக்கொண்டிருந்தேன் என்றுதான் என் நினைவு இன்றைக்கும் சொல்கிறது.

ஒரு ஆள், ஒரு இரவு. இதை ஆய்வு என்று சொல்லமாட்டேன். ஒரு வாளியும் ஒரு தாளும் இருந்தால் எந்தக் குடியிருப்பிலும் இதை அளக்கலாம் என்று காட்டவே சொல்கிறேன்.

ஆகவே உங்களிடம் கேட்பது இது. எதையும் மாற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள். காவலர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, குடியிருப்பாளர்கள் சிலரை வைத்து, ஒரு மாதத்தில் நாலைந்து இரவு செய்தால் போதும். பிடித்தது, விட்டது, ஒன்றுமில்லாததற்கு எழுந்தது ஆகிய மூன்றையும் அரை மணி அரை மணியாக எழுதுங்கள். அந்தத் தாளை வைத்து யாரையும் தண்டிக்கமாட்டோம் என்று எழுத்தில் கொடுங்கள், இல்லையென்றால் அது வேவு ஆகிவிடும், யாரும் உண்மையாக உட்காரமாட்டார்கள். என்ன பிடித்தார், என்ன விட்டார் என்பதை அன்றைக்கே அவரிடம் சொல்லுங்கள்.

அப்புறம், இரண்டு காவலர் இருக்கும் குடியிருப்புகளில் ஒருவரைத் திரைக்கும் ஒருவரை ரோந்துக்கும் இரவு முழுக்க ஒதுக்காதீர்கள். அரை மணிக்கு ஒருமுறை ஆள் மாறட்டும். இதற்கு ஒரு வெள்ளி கூடச் செலவில்லை. ஒருவர் மட்டுமே இருக்கும் இடத்தில், நள்ளிரவுக்குப் பிறகு வண்டி வரிசையில் அசைவு தெரிந்தால் மணி அடிக்கும்படி கேமராவை அமைக்கலாம். ஆனால் சிலந்தி வலையைத் துடைக்காமல் அதைச் செய்தால் இரவெல்லாம் மணி அடிக்கும், இரண்டாம் நாள் அவர் அதை அணைத்துவிடுவார். அதனால் முதலில் ஒரு துடைப்பமும் ஏணியும். யாரும் பார்க்கத் தேவையில்லாத கட்டங்களைத் திரையிலிருந்து எடுத்துவிடுங்கள். பதிவு ஆகிக்கொண்டுதான் இருக்கும். சந்தேகப்பட்டு எழுந்து போய் டார்ச் அடித்த காவலருக்குக் கடிதம் கொடுக்காதீர்கள். நன்றி சொல்லுங்கள்.

சட்டத்தை மீறவில்லையே என்று சொல்லலாம். 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம், தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் இடையில் 30 நிமிடமாவது ஓய்வு கொடுக்கச் சொல்கிறது. ஆள் விலகவே முடியாத வேலை என்றால் 8 மணி நேரம், அதற்குள் சாப்பாட்டுக்கு மொத்தம் 45 நிமிடம். ஓவர்டைம் சேர்த்தாலும் ஒரு நாளைக்கு 12 மணி நேரம்தான் எல்லை. இவையெல்லாம் வயிற்றுக்கும் காலுக்கும் போட்ட கணக்கு. திரை பார்க்கும் கவனத்துக்கு அதில் ஒரு வரி கிடையாது. அந்த வரியை உங்கள் காவல் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள உங்களை யாரும் தடுக்கவில்லை. ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது ஒரு நிபந்தனையாகச் சேர்த்தால் போதும்.

எங்கள் குழுவுக்குத் தனியாக ஒன்று. அண்ணனைத் திரும்பக் கூப்பிட முடியாமல் போகலாம். ஆனால் அவர் தூங்கினார் என்று நீங்கள் அந்த நிறுவனத்துக்கு எழுதிய கடிதம் அவர் கோப்பில் இருக்கிறது. பதிவைப் பார்த்துவிட்டோம் அல்லவா? அவர் விழித்திருந்தார் என்று இன்னொரு கடிதம் எழுதுங்கள். நான் அவரோடு போனில் பேசினேன். இப்போது பட்டர்வொர்த் பக்கம் ஒரு கிடங்கில் இரவுக் காவல். திரையில் எத்தனை கட்டம் என்று கேட்டேன். 24 என்றார்.

மஞ்சள் வாளி எங்கள் வீட்டு வராந்தாவில்தான் இருக்கிறது. உங்கள் குடியிருப்பில் ஒரு இரவு ஒதுக்கினால் வருகிறேன். தாளை எப்படிக் கோடு போட்டு எழுதுவது என்று காட்டித் தருகிறேன். மகனும் நடக்கத் தயார் என்கிறான். திரை முன்னால் உட்கார குழுவிலிருந்து ஒருவர் வாருங்கள்.

அன்புடன்,
சுங்கை ஆராவிலிருந்து,
முன்னாள் மைக்ராஸ்கோப் பரிசோதகர் ஒருவர்